ஆறு மீட்டர் அகலக் கடையில் அறைகலன்களை அடுக்குவது எப்படி?

சிங்கப்பூரில் சிறிய ஃபர்னிச்சர் கடை பெரும்பாலும் ஒரே வடிவத்தில்தான் கிடைக்கும்: முகப்பு குறுகல், உள்ளே நீளம். பழைய கடைவீட்டின் கீழ்த்தளம் ஆனாலும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் கீழே உள்ள கடை ஆனாலும் இதில் பெரிய வித்தியாசம் இருக்காது. ஆகவே 6 மீட்டர் அகலமும் 15 மீட்டர் நீளமும் கொண்ட ஒரு கடையை உதாரணமாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 90 சதுர மீட்டர். வாடகை பேசும்போது சொல்கிற கணக்கில் சுமார் 970 சதுர அடி. உங்கள் கடை கொஞ்சம் கூடக்குறைய இருந்தால் அளவுகளை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளலாம், முறை மாறாது.

புதிதாகக் கடை திறப்பவர் இன்னும் இரண்டு சோஃபா வைக்க எங்கே இடம் என்று பார்க்கிறார். வாங்க வருபவர், இந்த சோஃபா நம் வீட்டு ஹாலில் அடங்குமா, அடங்கினாலும் சுற்றி நடக்க வழி இருக்குமா என்று பார்க்கிறார். வாங்க வருபவரின் கேள்விக்குக் கடையின் தரையே பதில் சொல்ல வேண்டும். கீழே வரும் அளவுகள் எல்லாம் அதற்காகத்தான்.

அளந்து வரையுங்கள்

சரக்குக்கு ஆர்டர் கொடுப்பதற்கு முன்பே கடையை அளந்துவிடுங்கள். சுவருக்குச் சுவர் ஒரே இடத்தில் அளந்தால் போதாது. முன்பக்கம், நடு, பின்பக்கம் என மூன்று இடத்தில் அகலத்தை எடுங்கள். பழைய கடைவீடுகளில் சுவர்கள் நேராக இருப்பது அரிது. முன்னால் 6 மீட்டர் இருப்பது பின்னால் 5.85 ஆகியிருக்கும். அந்த 15 சென்டிமீட்டரில்தான் அலமாரிக் கதவு திறக்காமல் மாட்டிக்கொள்ளும்.

வரைபடத்தை 1:50 அளவில் போடுங்கள். ஒரு மீட்டருக்கு 2 செ.மீ. என்றால் நம் கடை 12 செ.மீ. அகலம், 30 செ.மீ. நீளம் ஆகும். ஏ4 தாளின் நீளம் 29.7 செ.மீ. என்பதால் நூலிழையில் அடங்காது, ஏ3 தாள் எடுத்துக்கொள்ளுங்கள். தூண்கள், உத்தரங்கள், மின்பெட்டி, பிளக் இடங்கள், ஏர்கான், நீர்த்தெளிப்பான்கள், தீயணைப்பான், பின்கதவு, கழிப்பறைக் கதவு, ரோலர் ஷட்டர் அனைத்தையும் குறியுங்கள். கதவுகள் எந்தப் பக்கம் திறக்கின்றன என்பதையும் வளைகோடாகப் போடுங்கள்.

பிறகு அதே அளவில் அட்டையை வெட்டுங்கள். மூன்று பேர் உட்காரும் சோஃபா 210 × 90 செ.மீ. என்றால் அட்டை 4.2 × 1.8 செ.மீ. எல் வடிவ சோஃபா 260 × 155 செ.மீ. அளவில் வரும். நால்வர் சாப்பாட்டு மேசை 120 × 75, அறுவர் மேசை 150 × 85 என்று வைத்துக்கொள்ளலாம். துணி அலமாரியின் ஆழம் 60. மெத்தை அளவுகள் இங்கே நிலையானவை: சிங்கிள் 91, சூப்பர் சிங்கிள் 107, குவீன் 152, கிங் 182, நீளம் எல்லாவற்றுக்கும் 190. கட்டிலின் சட்டத்துக்கு இரு பக்கமும் சில சென்டிமீட்டர் கூட்டிக்கொள்ளுங்கள். தலைமாட்டுப் பலகை தடிமனாக இருந்தால் கட்டிலின் மொத்த நீளம் 205ஐத் தாண்டும். பலர் மெத்தை அளவுக்கே அட்டை வெட்டிவிட்டு, பொருள் வந்து இறங்கிய பிறகு தவிப்பார்கள்.

தாளில் திருப்தியானதும் தரையில் மாஸ்க்கிங் டேப் ஒட்டி அதே கோடுகளைப் போட்டு நடந்து பாருங்கள். தாளில் தாராளமாகத் தெரிந்த 80 செ.மீ. வழி, இருவர் எதிரெதிரே வரும்போது எப்படி முட்டுகிறது என்பது அப்போதுதான் புரியும். இந்த ஒரு மணி நேர வேலையைத் தவிர்க்காதீர்கள்.

கை வைக்கக் கூடாத இடங்கள்

பின்கதவு வரையிலான வழியை வரைபடத்தில் சிவப்பில் தீட்டுங்கள். தீ பிடித்தால் வாடிக்கையாளர் ஓட வேண்டிய வழி அது. மெத்தையும் ஃபோமும் பிடித்துக்கொண்டால் புகை மளமளவென்று நிறைந்துவிடும்; ஃபர்னிச்சர் கடைக்காரர் இதை எப்போதும் நினைவில் வைத்திருக்க வேண்டும். வந்திறங்கிய பெட்டிகளை 'இன்று ஒரு நாள் மட்டும்' என்று அங்கே அடுக்குவதுதான் வழக்கமான தவறு. அந்த ஒரு நாள், வார இறுதிக் கூட்டம் வரும் நாளாகவே இருக்கும்.

கூரையில் நீர்த்தெளிப்பான் இருந்தால் அதற்குக் கீழே குறைந்தது அரை மீட்டர் காலியாக இருக்கட்டும். உயரமான அலமாரியின் தலையில் பெட்டி அடுக்கினால் தண்ணீர் பரவாது. கூரை வரை தடுப்பு எழுப்பவோ நீர்த்தெளிப்பானை இடம் மாற்றவோ நினைத்தால், முதலில் கடைச் சொந்தக்காரரிடம் கேளுங்கள். தகுதிபெற்ற நிபுணர் வழியாகச் சிங்கப்பூர்க் குடிமைத் தற்காப்புப் படையின் ஒப்புதலும் தேவைப்படலாம். சோஃபா, சாப்பாட்டு மேசை, கட்டில் எனத் தனித்தனியாகக் காட்டும் தொகுப்புகளைப் பிரிக்க 1.2 மீட்டர் உயரத் தனித்து நிற்கும் தடுப்பே போதும். செலவு குறைவு, கண்ணையும் மறைக்காது.

கடைவீட்டின் முன்னுள்ள ஐந்தடிப் பாதை பொதுவழி. வீவக கடைகளுக்கு முன்னால் பொருள் வைக்க அனுமதியும் எல்லைக்கோடும் உண்டு, நகர மன்றத்திடம் விசாரித்துக்கொள்ளுங்கள். அனுமதி கிடைத்தாலும் மரப்பொருளை வெளியே வைப்பது நல்லதல்ல. அதற்கான காரணம் ஈரத்தைப் பற்றிச் சொல்லும்போது வரும்.

வாங்குபவரின் வீடு எது?

ஊரிலிருந்து புதிதாக வந்து தொழில் தொடங்குபவர்களுக்கு ஒரு விளக்கம்: இங்கே நாலறை வீடு என்றால் மூன்று படுக்கையறையும் ஒரு வரவேற்பறையும். பரப்பு சுமார் 90 சதுர மீட்டர். மூவறை வீடு 60 முதல் 68, ஐந்தறை வீடு 110 அளவில். நாலறை வீட்டின் ஹாலுக்கு அகலம் மூன்று, மூன்றரை மீட்டர்தான். கடையில் சோஃபாவுக்கு ஐந்து மீட்டர் அகலத்தில் இடம் போட்டுக் காட்டினால் பார்க்க அழகாக இருக்கும். வீட்டுக்குப் போன பிறகு அதே சோஃபா ஹாலை அடைத்துக்கொண்டு நிற்கும், புகார் உங்களிடம் வரும். காட்சி இடமே மூன்று மீட்டர் சதுரமாக இருந்தால், "அக்கா, இந்தக் கோட்டுக்குள் இருப்பது உங்கள் ஹால் அளவுதான்" என்று கையைக் காட்டிச் சொல்லிவிடலாம்.

கடை எங்கே இருக்கிறது என்பதையும் பாருங்கள். தெங்கா, பொங்கோல் போன்ற புதிய வட்டாரங்களுக்கு அருகே என்றால் சாவி வாங்கிய இளம் தம்பதிகள் வருவார்கள். முழு வீட்டுக்கும் ஒரே நிறத்தில் கேட்பார்கள். தோ பாயோ, அங் மோ கியோ போன்ற முதிர்ந்த வட்டாரங்களில் ஒரு பொருளை மாற்ற வருபவர்கள் கூடுதல்: முட்டிவலியோடு வரும் பெரியவருக்கு எழுந்துகொள்ள வசதியான, இருக்கை 45 செ.மீ. உயரத்துக்குக் குறையாத, கைப்பிடி உறுதியான நாற்காலி வேண்டும். அறை வாடகைக்கு எடுப்போர் நிறைந்த இடத்தில் சூப்பர் சிங்கிள் கட்டிலும் மடக்கு மேசையும் ஓடும். தேக்கா பக்கம் என்றால் பூஜை அலமாரியையும் ஊஞ்சலையும் கேட்பவர்கள் உண்டு.

இந்தத் தேர்வை முடித்த பிறகே இடக்கணக்கு. சதுர அடிக்கு மாத வாடகை 7 வெள்ளி என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். எல் வடிவ சோஃபாவும் அதைச் சுற்றிய இடமும் 3 × 3.2 மீட்டர், அதாவது 103 சதுர அடி. அந்த மூலைக்கு மட்டும் மாதம் 720 வெள்ளிக்கு மேல் போகிறது. கொள்முதல், டெலிவரி எல்லாம் போக ஒரு சோஃபாவில் 400 வெள்ளி நிற்கிறது என்றால், மாதம் இரண்டு விற்றால்தான் அது நிற்கும் இடத்தின் வாடகையே தேறும். நடைவழிக்கும் கல்லாவுக்கும் உரிய வாடகையையும் இந்த மூலைகள்தான் சுமக்க வேண்டும் என்பதால் உண்மையில் மூன்றாவது விற்க வேண்டும். ஒவ்வொரு தொகுப்புக்கும் இப்படி ஒரு வரி எழுதி வையுங்கள். எதைக் குறைப்பது என்ற கேள்வி வரும்போது பிடித்தது, பிடிக்காதது என்று பேசாமல் இந்தத் தாளைப் பார்க்கலாம்.

அதே மூலையில் மூன்று சோஃபாவை நெருக்கினால் விற்பனை மூன்று மடங்காகும் என்று எண்ண வேண்டாம். எந்தச் சோஃபாவிலும் நிம்மதியாக உட்கார முடியாமல் வந்தவர் நின்றபடியே பார்த்துவிட்டுப் போவார். ஒரு சோஃபாவையும் அதன் துணி மாதிரிகளையும் வையுங்கள். மாதிரி உள்ளங்கை அளவில் இருந்தால் நிறம் பிடிபடாது. 30 செ.மீ. சதுரமாவது இருக்கட்டும், அதைச் சோஃபாவின் கைப்பிடியில் விரித்துப் பார்க்க முடிய வேண்டும். தரையில் பாதிக்கு மேல் பொருள் நிற்கக் கூடாது என்பதை ஒரு வரம்பாகக் கொள்ளுங்கள்.

நடைவழி

பெரிய கடைகளில் வாடிக்கையாளரைச் சுற்றி அழைத்துவரும் வட்டப்பாதை நன்றாக வேலை செய்யும். ஆறு மீட்டர் அகலத்தில் அதை முயன்றால் இரண்டு வழிக்கே இரண்டரை மீட்டர் போய்விடும். மிச்சத்தை மூன்றாகப் பிரித்தால் எந்தத் துண்டிலும் சோஃபாவும் காபி மேசையும் ஒழுங்காக அடங்காது. இதற்கு நேரெதிர்த் தவறு, பொருள்களை இரு சுவரோரமும் வரிசையாக ஒட்டி நடுவில் நேர் வழி விடுவது. கடை ரயில் பெட்டி போல ஆகிவிடும். வாசலில் நின்றே கடைசிச் சுவர் வரை பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவார்கள்.

குறுகிய கடைக்கு ஏற்றது, ஒரே வழி இடம் மாறி மாறிச் செல்வது. வாசலில் நின்று உள்ளே பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். முன்னால் 2.5 மீட்டர் வாசல் பகுதி. அடுத்த 3.2 மீட்டர் சோஃபா தொகுப்பு: இடப்பக்கம் 1.8 மீட்டர் ஆழம், நடைவழி 1.2, வலப்பக்கம் 3. அதற்கடுத்த 3 மீட்டர் சாப்பாட்டு மேசைத் தொகுப்பு. இங்கே அளவுகளைத் திருப்பிப் போடுங்கள்: இடப்பக்கம் 3, வழி 1.2, வலப்பக்கம் 1.8. பிறகு 3.5 மீட்டர் படுக்கையறைத் தொகுப்பு, மறுபடி இடம் 1.8, வலம் 3. கடைசி 2.8 மீட்டர் கல்லா, சரக்கு, பின்கதவு. கூட்டினால் 15.

வழி இடம் மாறும் இரண்டு இடங்களிலும் 1.2 மீட்டர் சதுரத் திருப்பத்தை விட மறக்காதீர்கள். முதல் திருப்பம் சோஃபா தொகுப்பின் உள்மூலையில் விழும், இரண்டாவது சாப்பாட்டுத் தொகுப்பின் உள்மூலையில். அந்த மூலைகளில் எதையும் வைக்காதீர்கள், ஒரு ஸ்டூல்கூட வேண்டாம். சக்கர நாற்காலியும் குழந்தை வண்டியும் திரும்புவது அங்கேதான். சக்கர நாற்காலி முழுவதுமாகத் திரும்ப ஒன்றரை மீட்டர் இடம் சௌகரியம். வார இறுதியில் மூன்று தலைமுறை சேர்ந்துதான் கட்டில் பார்க்க வருவார்கள், பாட்டியை வாசலில் உட்காரவைக்கும் கடையில் வியாபாரம் நடக்காது.

இந்த அமைப்பில் இன்னொரு ஆதாயம் உண்டு. முதல் பகுதியில் நேரே நடப்பவரின் எதிரே சாப்பாட்டு மேசை வந்து நிற்கும். அதைத் தாண்டித் திரும்பியவரின் எதிரே கட்டில் நிற்கும். அடுத்தது என்ன என்று கண்ணே காலை இழுத்துச் செல்லும்.

தொகுப்புகளுக்குள்

சோஃபாவின் முதுகை வலச் சுவர் பக்கம் வையுங்கள். வாசலைப் பார்த்து முதுகு தெரியும்படி ஒருபோதும் போடாதீர்கள். உள்ளே வராதே என்று சொல்வது போல் இருக்கும். சோஃபாவுக்கும் காபி மேசைக்கும் இடையே 40 முதல் 45 செ.மீ. அதற்குக் குறைந்தால் முழங்கால் இடிக்கும், கூடினால் கோப்பைக்கு எட்டிக் குனிய வேண்டும். தரைவிரிப்பு 160 × 230 அளவில் இருந்து, சோஃபாவின் முன்கால்கள் அதன் மேல் நிற்கட்டும். சின்ன விரிப்பு நடுவில் தனியாகக் கிடந்தால் சோஃபாவும் சிறியதாகத் தெரியும். எதிர்ச் சுவரில் 1.8 மீட்டர் பக்கம் டிவி கன்சோல் இரண்டு, செருப்பு அலமாரி ஒன்று, ஒற்றை நாற்காலி ஒன்று போதும். கன்சோலின் ஆழம் 40 செ.மீ. என்பதால் குனிந்து இழுப்பறையைத் திறந்து பார்க்கத் தாராளமாக இடம் மிஞ்சும்.

சாப்பாட்டு மேசையில் பலர் தவறுவது நாற்காலிக் கணக்கில். மேசைக்குள் தள்ளிய நிலையில் அளந்துவிட்டு இடம் இருக்கிறது என்று முடிவு செய்கிறார்கள். ஒருவர் நாற்காலியை இழுத்து உட்கார மேசை விளிம்பிலிருந்து 75 செ.மீ. வேண்டும், பின்னால் ஆள் கடக்க வேண்டுமென்றால் 90க்கு மேல். மேசை 75, இரு பக்கமும் 75 என்றால் 2.25 மீட்டர். இது இடப்பக்கத்து 3 மீட்டரில் அடங்கும். வலப்பக்கத்து 1.8 மீட்டரில் நாற்காலி போட்டால் உட்கார்ந்திருப்பவர் நடைவழிக்கு வந்துவிடுவார். அங்கே சுவரோரம் பெஞ்சு போட்ட செட்டை வையுங்கள்: பெஞ்சு 40, மேசை 75, மேசை விளிம்பு பெஞ்சின் மேல் சற்று வரட்டும், மிச்சம் எதிர்ப்பக்க நாற்காலிக்கு. சின்ன வீட்டுக்காரர்கள் செய்ய வேண்டியதும் இதுதான் என்பதால், அந்த மூலை ஒரு யோசனையையும் சேர்த்து விற்கும்.

கட்டிலின் தலைமாட்டை வலச் சுவரில் வைத்தால் கால்மாட்டிலிருந்து நடைவழிக்கு 95 செ.மீ. அளவில் இருக்கும். குவீன் கட்டில், இரு பக்கமும் 45 செ.மீ. பக்கமேசை என இரண்டரை மீட்டர் போக, மீதி ஒரு மீட்டரில் கண்ணாடி மேசையோ மெத்தை மாதிரிகளோ வைக்கலாம். அடியில் சாமான் வைக்கும் கட்டில் என்றால் அது எந்தப் பக்கம் திறக்கிறது என்று பாருங்கள். பக்கவாட்டு இழுப்பறை வெளியே வர 50 செ.மீ., அதை இழுப்பவர் நிற்க இன்னொரு 50. மேலே தூக்கும் வகைக்கு இந்தத் தொல்லை இல்லை, ஆனால் தூக்கிக் காட்டும்போது தொங்குவிளக்கில் இடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். எதிரே இடப்பக்கம் துணி அலமாரி: ஆழம் 60, கதவுக்கு 50, நிற்க 60. மொத்தம் 1.7 மீட்டர், சரியாக அடங்கும். உயரமான அலமாரிகளையும் புத்தக ரேக்குகளையும் சுவரோடு பிராக்கெட் போட்டுப் பிணைத்துவிடுங்கள். பிள்ளைகள் இழுப்பறையில் கால் வைத்து ஏறுவார்கள், இதில் சமரசமே கூடாது.

எந்தப் பொருளுக்குப் பக்கத்தில் எது என்பதும் முக்கியம். பூஜை அலமாரியைச் செருப்பு அலமாரிக்கோ கழிப்பறைச் சுவருக்கோ அருகே வைக்காதீர்கள். பார்த்தவுடன் முகம் மாறும், விலையே கேட்காமல் நகர்ந்துவிடுவார்கள். அதை இரண்டாவது தொகுப்பின் வலச் சுவரில், முடிந்தால் கிழக்கு பார்க்க நிறுத்துங்கள். வடக்கே தலைவைத்துப் படுக்கக் கூடாது என்பவர்கள் நம்மில் ஏராளம். ஃபெங் சுயி பார்க்கும் சீனர்களில் பலருக்குக் கட்டிலுக்கு எதிரே கண்ணாடி இருப்பதும், கால்மாட்டுக்கு நேரே வாசல் இருப்பதும் பிடிக்காது. எல்லோருக்கும் ஏற்ற திசை ஒரே கடையில் அமையாது; கண்ணாடியைக் கட்டிலுக்குப் பக்கவாட்டில் வைப்பது போன்ற சின்ன மாற்றங்களுக்குச் செலவே இல்லை.

வாசல்

வெயிலிலிருந்து உள்ளே நுழைபவருக்குக் கண் பழக ஓரிரு விநாடி ஆகும். குடையை மடக்குவார், கைப்பேசியைப் பைக்குள் போடுவார். அந்த முதல் ஒன்றரை மீட்டரில் எதை வைத்தாலும் கவனிக்க மாட்டார், எனவே அங்கே குடைத்தாங்கியும் மிதியடியும் மட்டும் இருக்கட்டும். விற்பனையாளரும் அங்கே நின்று வழிமறிக்க வேண்டாம்.

கண்ணாடி முகப்பில் ஒரே ஒரு காட்சி: ஒரு நாற்காலி, ஒரு பக்கமேசை, ஒரு விளக்கு. விலை, நடந்து போகிறவர் நிற்காமல் படிக்கும் அளவில். மலிவான பொருளை முகப்பில் குவித்தால் மலிவுக் கடை என்று பெயர் விழும், மிக விலை உயர்ந்ததை மட்டும் வைத்தால் உள்ளே வரத் தயங்குவார்கள். உங்கள் கடையின் நடுத்தர விலைப் பொருளே முகப்புக்குப் பொருத்தம்.

உயரம், ஒளி, ஈரம்

நடைவழியை ஒட்டி நிற்பவை 1.2 மீட்டருக்குக் கீழே இருக்கட்டும். அதற்கு மேல் உயர்ந்தவை சுவருக்குப் போகட்டும். அப்போதுதான் கல்லாவில் இருப்பவருக்கு வாசல் தெரியும், வாசலில் நிற்பவருக்குக் கடையின் ஆழம் தெரியும்.

விளக்குக்குக் கணக்குப் பார்க்காமல் செலவு செய்யுங்கள், பலன் உண்டு. கூரை முழுக்க ஒரே வெள்ளை வெளிச்சம் இருந்தால் மரத்தின் வரிகள் தட்டையாகிவிடும். பொது வெளிச்சத்தைக் குறைத்து, டிராக் விளக்குகளை 30 பாகை சாய்வில் பொருளின் மேல் விழ வையுங்கள். பொருளின் மேல் விழுவது சுற்றுப்புறத்தைப் போல மூன்று மடங்காவது இருக்க வேண்டும். ஒளியின் நிறம் சோஃபாவுக்கும் கட்டிலுக்கும் 3000 கெல்வின் (இளமஞ்சள்), படிப்பு மேசைக்கு 4000. நிறத்தை எவ்வளவு உள்ளபடி காட்டும் என்பதைச் சொல்லும் நிறக்காட்டி எண் (CRI) 90க்குக் குறையாத விளக்காகக் கேட்டு வாங்குங்கள். ஒரு சிக்கல்: வீட்டில் பலர் 6500 கெல்வின் வெள்ளை விளக்குப் போட்டிருப்பார்கள். கடையில் தேன் நிறமாகத் தெரிந்த துணி அங்கே சாம்பல் தட்டும். துணி மாதிரிகளுக்கு அருகே ஒரு வெள்ளை விளக்கையும் பொருத்தி, இரண்டு ஒளியிலும் காட்டிவிட்டு ஆர்டர் எடுங்கள். நிறம் மாறிவிட்டது என்ற சண்டையில் பாதி அங்கேயே தீரும். வயரிங் வேலைக்கு உரிமம் பெற்ற எலெக்ட்ரிஷியன் மட்டுமே.

மேற்கு பார்த்த கண்ணாடி என்றால் பிற்பகல் வெயில் துணியையும், பலகை மேல் ஒட்டிய மெல்லிய மரத்தகடான வெனீரையும் வெளுக்கும். ஒரு பக்கம் மட்டும் வெளுத்த சோஃபாவைப் பாதி விலைக்கும் தள்ள முடியாது. புற ஊதாக் கதிரைத் தடுக்கும் படலம் ஒட்டுங்கள், முகப்புப் பொருளை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள்.

இங்கே ஆண்டுச் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். பகலில் ஏர்கான், இரவில் அடைத்த கடை என்ற மாறிமாறி வரும் நிலையில் தோலில் பூஞ்சை பிடிக்கும், வெனீரின் ஓரம் எழும்பும். சுவரிலிருந்து 5 செ.மீ. தள்ளியே பொருளை நிறுத்துங்கள், அலமாரிக் கதவுகளை இரவில் ஒரு விரற்கடை திறந்து வையுங்கள். விடியற்காலையில் வரும் சுமத்ரா காற்றுமழை ஷட்டருக்கு அடியில் தண்ணீரை அடித்துவிடும். மரத்துகளை அழுத்திச் செய்த சிப்போர்டு அடிப்பாகம் ஒரு முறை நனைந்து ஊதிவிட்டால் திரும்பாது. வாசலிலிருந்து இரண்டு மீட்டருக்குள் உலோகக் கால் அல்லது கெட்டி மரக்கால் உள்ளவற்றை மட்டும் வைப்பது இதனால்தான். ஏர்கானுக்கு நேர் கீழே மெத்தையும் துணி சோஃபாவும் வேண்டாம், நீர் சொட்டும்.

விலைச்சீட்டு

விலை, நீளம், அகலம், உயரம், என்ன மரம் அல்லது என்ன பலகை, எத்தனை வாரத்தில் கிடைக்கும், டெலிவரியும் பொருத்துக்கூலியும் சேர்ந்ததா இல்லையா: இவை எல்லாச் சீட்டிலும் ஒரே வரிசையில் இருக்க வேண்டும். பிளைவுட்டை மரம் என்று எழுதாதீர்கள். பொருள், சேவை வரிக்குப் பதிவு செய்த கடை என்றால் காட்டும் விலை வரியையும் சேர்த்தே இருக்க வேண்டும். வரி 2024 முதல் 9 விழுக்காடு. சீட்டு ஏ6 அளவில், நின்றபடி படிக்கும் இடத்தில் இருக்கட்டும். சோஃபா மெத்தைக்கு அடியில் செருகி வைத்தால் யாரும் தேடிப் படிக்க மாட்டார்கள்.

கல்லாவுக்கு அருகே உட்கார்ந்து பேச இரண்டு நாற்காலியும், 1:50 அளவில் மூவறை, நாலறை, ஐந்தறை ஹால் வரைபடங்களும், நீங்கள் வெட்டிய அதே அட்டைகளும் இருக்கட்டும். வாங்குபவரே நகர்த்திப் பார்ப்பார். லிஃப்ட் கதவு, வாசல் கிரில், படுக்கையறைக் கதவு, நடைக்கூடத் திருப்பம் ஆகியவற்றின் அளவை எழுதி வாங்கிக்கொண்டு முன்பணம் பெறுங்கள். சில பழைய புளோக்குகளில் லிஃப்ட் எல்லா மாடியிலும் நிற்காது, படியில் தூக்கக் கூலி தனி. இதை அங்கேயே சொல்லிவிட வேண்டும்.

திறந்த பிறகு

முதல் நான்கு வாரம் வரைபடத்தின் நகலைக் கல்லாவில் வைத்து, யார் எங்கே நின்றார்கள், எதில் உட்கார்ந்தார்கள், எங்கே திரும்பிப் போனார்கள் என்று புள்ளி வையுங்கள். புள்ளி நிறைந்தும் விற்காத பொருளுக்கு விலையோ அளவோ பிரச்சினை, சீட்டைத் திருத்துங்கள். புள்ளியே விழாத இடத்துக்கு ஒளி அல்லது வழி பிரச்சினை. பொருளை மாற்றுவதற்கு முன் விளக்கைத் திருப்பிப் பாருங்கள். ஒரே நாளில் ஒளி, வழி, பொருள் மூன்றையும் மாற்றினால் எது பலித்தது என்று தெரியாமல் போகும்.

ஆறு வாரத்துக்கு ஒரு தொகுப்பை மாற்றுவது சரியான வேகம். சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள், தீபாவளி மூன்றுக்கும் வீட்டைப் புதுப்பிப்பவர்கள் முன்கூட்டியே வருவார்கள், பண்டிகைக்கு முதல் வாரம் வாங்கினால் கைக்கு வந்து சேராது என்று அவர்களுக்குத் தெரியும். ஆகவே எட்டு வாரம் முன்பே சோஃபா, சாப்பாட்டு மேசைத் தொகுப்புகளை விருந்தாளி வரும் வீடு போல மாற்றுங்கள்: அறுவர் மேசை, கூடுதல் ஸ்டூல், அடுக்கி வைக்கும் நாற்காலி. மலேசியாவின் மூவார் தொழிற்சாலைகளிலிருந்து வரவழைப்பதானால் பண்டிகை விடுமுறையில் அவர்களும் மூடியிருப்பார்கள் என்பதைக் கணக்கில் சேருங்கள். காட்சிப் பொருளைத் தள்ளுபடியில் விற்பதும் இந்த எட்டு வாரத்தின் தொடக்கத்தில்தான். கீறல் எங்கே, மங்கல் எங்கே என்று சீட்டில் எழுதி, அதன் இடத்தில் நிற்கப்போகும் புதிய பொருள் வந்து சேரும் தேதி உறுதியான பிறகு விலையைக் குறையுங்கள். இல்லாவிட்டால் கூட்டம் வரும் வாரத்தில் கடையின் நடுவே 103 சதுர அடி காலியாகக் கிடக்கும்.